செவ்வானத்துக்குத் தீயணைப்பு வண்டி

கேள்வி: பகலெல்லாம் நீலமாக இருக்கும் வானம் உதயத்திலும் அந்தியிலும் மட்டும் ஏன் சிவக்கிறது? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: சூரியன் நிறம் மாறுவதில்லையம்மா. காற்றுதான் வழியில் கைவைத்துவிடுகிறது. நீல ஒளியைக் கண்டால் காற்றின் மூலக்கூறுகள் நாலா பக்கமும் வாரி இறைத்துவிடும். பகல் வானத்தின் நீலம் அந்த இறைப்புதான். 1871இல் இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டியவர், பின்னாளில் ராலே பிரபுவான ஜான் ஸ்ட்ரட். அடிவானத்துச் சூரியனின் ஒளியோ, உச்சிவேளையைவிட ஏறத்தாழ 38 மடங்கு காற்றைக் கடந்து வரவேண்டும். தரகர்கள் அத்தனை பேர் நின்றால் நீலம் நம் கைக்கு வந்து சேருமா? மிஞ்சுவது மஞ்சளும் சிவப்பும்தான்.

தூசியும் சேர்ந்தால் கூத்து இன்னும் பெரிது. 1883 ஆகஸ்டில் இந்தோனேசியாவின் கிரகடோவா எரிமலை வெடித்தது. செப்டம்பரில் சென்னையில் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. யாரும் சுண்ணாம்பு தடவவில்லை, எரிமலைத் தூசியின் வேலை. நவம்பரில் அமெரிக்காவின் போகிப்சி நகரில் அந்திச் செவ்வானத்தைப் பார்த்து, எங்கோ பற்றி எரிகிறதென்று தீயணைப்பு வண்டியையே வரவழைத்துவிட்டார்கள்.

செவ்வாய்க் கிரகத்தில் எல்லாம் தலைகீழ். பகலில் வானம் பழுப்பு, மறையும் சூரியனைச் சுற்றி நீலம். அங்கே குடியேற நினைக்கும் கவிஞர்கள் இப்போதே வேறு உவமை தேடிக்கொள்வது நல்லது.