அருவியும் குண்டலினியும்

கேள்வி: குற்றால அருவி உச்சந்தலையில் விழும்போது உடலெங்கும் சுரீரென்று ஏதோ ஏறுகிறதே, அதுதான் குண்டலினியா?
– ஒரு வாசகர், வீரகேரளம்புதூர்

பதில்: அருவி மேலிருந்து கீழே விழுவது, குண்டலினியோ கீழிருந்து மேலே ஏறுவதாகச் சொல்லப்படுவது, ஆகவே திசையிலேயே இரண்டும் ஒத்துப்போகவில்லை. முதுகுத்தண்டின் அடியில், மூலாதாரம் என்னும் நிலையில், பாம்புபோல் சுருண்டு உறங்குவதாகக் கருதப்படும் ஆற்றலே குண்டலினி. அது சுழுமுனை என்னும் நடுநாடி வழியே ஆறு ஆதாரங்களினூடாக எழுந்து, உச்சந்தலையின் ஆயிரம் இதழ்த் தாமரையான சகசிராரத்தை அடைகையில் சக்தி சிவத்தோடு ஒன்றுவதாகத் தாந்திரிக மரபினர் கொண்டனர். அருவியடியில் நிகழ்வதோ, குளிர்நீர் பட்ட தோல் நரம்புகளைத் திடுக்கிடச் செய்ய, மூச்சு வாங்கி, இதயம் விரைந்து, அதன்பின் பிறக்கும் உற்சாகம் மட்டுமே.

குண்டலினியை எழுப்புவதாகச் சொல்லப்படும் மூச்சுப் பயிற்சிக்கு, திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் மூச்சை 16 மாத்திரை இழுத்து, 64 மாத்திரை அடக்கி, 32 மாத்திரை விடச் சொல்கிறார் (மாத்திரை என்பது கண்ணிமைக்கும் நேரம்). சீசன் கூட்டத்தில் பின்னால் நிற்பவரின் முழங்கை எவரையும் 64 வரை எண்ணவிடுவதில்லை. சக்தியைத் தேடுவோர்க்குக் குற்றாலநாதர் கோயிலில், தரணி பீடம் எனப்படும் பராசக்தி சன்னதி அருகிலேயே இருக்கிறது. ஆயினும் அங்கு வரும் கூட்டம், அருவிக்கு ஓடும் கூட்டத்தைவிடக் குறைவுதான். எஞ்சிய ஐயத்தை, அதே அருவிநீர் சிற்றாறாக வந்துசேரும் வீரகேரளம்புதூரில், நெரிசலற்ற ஆற்றங்கரையில், தக்க ஆசிரியரை உடன்வைத்துக்கொண்டு, தலையை நீருக்கு வெளியே வைத்தபடி சோதித்துக்கொள்ளலாம்.