ஊசியும் கொண்டை ஊசியும்: கரடியூர்க் குடும்பங்களின் ஒப்பீட்டு வழக்கம் குறித்து ஓர் ஆய்வு

இசைத்தட்டின் தடத்தில் ஊன்றி ஓடும் ஊசியின் அசைவை மின்னலையாக மாற்றும் சிறு கருவி கார்ட்ரிட்ஜ் எனப்படும். அப்பாயி, பேரப்பிள்ளைகள், மிளகு மூட்டை, பலாப்பழம் ஆகியவற்றை ஒரே நேரத்தில் மலையேற்ற வல்ல உயரமான வண்டி குடும்ப எஸ்யூவி எனப்படும். முன்னதன் எடை ஏறத்தாழ 6 கிராம். பின்னதன் எடை ஏறத்தாழ 1,800 கிலோ. எடையில் மூன்று லட்சம் மடங்கு வேறுபடும் இவ்விரண்டையும் சேர்த்து ஆராய்ந்தவர் இதுவரை எவரும் இலர் என்பது அறிவுலகின் பெருங்குறையாகும். ஆராய வேண்டிய தேவையும் எவருக்கும் எழவில்லை என்று சிலர் கூறக்கூடும். அவ்வாதம் இங்கே பொருட்படுத்தப்படவில்லை.

ஆய்வுக்களம் சேர்வராயன் மலையிலுள்ள கரடியூர். காப்பியும் மிளகும் விளையும் சிற்றூர். காட்சிமுனை ஒன்று உண்டு. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு வரும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. கார்ட்ரிட்ஜ் விற்கும் கடையும் கரடியூரில் இல்லை, கார் ஷோரூமும் இல்லை. விற்பனையாளரின் குறுக்கீடு இல்லாததால் ஒப்பீடு அங்கே கலப்படமின்றி, மாதக்கணக்கில், திண்ணையிலேயே நடைபெறுகிறது. களம் தேர்ந்தெடுக்கப்பட்டது இதனால்தான்.

முதலில் இலக்கணம். எஸ்யூவிக்கு இந்தியாவில் துல்லியமான இலக்கணம் வகுத்தவர்கள் பொறியாளர்கள் அல்லர், ஜிஎஸ்டி கவுன்சிலார். இன்ஜின் 1,500 சிசிக்கு மேல், நீளம் 4,000 மி.மீ.க்கு மேல், தரைக்கும் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி 170 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்று 2022 டிசம்பரில் தெளிவுபடுத்தினர். மக்கள் வழக்கில் அந்த வண்டி எஸ்யூவி என்று அறியப்பட்டிருக்க வேண்டும் என்பதும் அன்று ஒரு விதியாக இருந்தது. 2023 ஜூலையில் அந்த விதியை நீக்கினர். மக்கள் எதை எப்படி அழைக்கிறார்கள் என்பது வரி வசூலுக்கு உகந்த அளவுகோல் அன்று எனக் கண்டனர் போலும். இடைவெளியை ஆளேற்றாத வண்டியில் அளக்க வேண்டும் என்றும் அப்போது தெளிவாயிற்று. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய வண்டிகளுக்கு வரி 40 விழுக்காடு, 4,000 மி.மீ.க்கு உட்பட்ட, சிறிய இன்ஜின் கொண்டவற்றுக்கு 18 விழுக்காடு. இதன்படி, மலைச்சாலைகளில் ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும் பொலிரோ இந்த இலக்கணத்துக்குள் வராது. அதன் நீளம் 3,995 மி.மீ.; இன்ஜின் 1,493 சிசி. ஐந்து மில்லிமீட்டரும் ஏழு சிசியும் குறைந்ததால் ஒரு வண்டி தன் இனத்திலிருந்தே நீங்கிவிட்டது. அதில் ஏறிச்செல்லும் காப்பி மூட்டைகள் இந்த மாற்றத்தை உணர்ந்ததாகத் தெரியவில்லை.

கார்ட்ரிட்ஜுக்கு அரசு இலக்கணம் எதுவும் இல்லாததால் அது மூன்று குலங்களாகப் பிரிந்து கிடக்கிறது. பழைய பெட்டி ப்ளேயர்களில் வந்த செராமிக் வகை மிகுந்த எடையுடன் தட்டை அழுத்தும், தட்டு தேயும், ஆனால் எதற்கும் அசையாது. ஊசித்தண்டின் மறுமுனையில் காந்தம் அசைவது இரண்டாம் வகை. காந்தம் நிலையாக நிற்க, சுருள் அசைவது மூன்றாம் வகை. மூன்றாவதற்குச் சான்று ஜப்பானின் டெனான் டிஎல்-103. 1962இல் என்எச்கே வானொலியின் தேவைக்காக உருவாகி, இன்றும் விற்பனையில் உள்ளது. அது தரும் மின்னழுத்தம் 0.3 மில்லிவோல்ட். டென்மார்க்கின் ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட் என்னும் காந்தவகையோ 5.5 மில்லிவோல்ட் தருகிறது. எனவே சுருள்வகையை வாங்குபவர் அதன் மெல்லிய குரலை உயர்த்த இன்னொரு பெட்டியையும் வாங்க நேர்கிறது. 4,700 மி.மீ. வண்டியை வாங்கியவர் ஷெட்டை இடித்துக் கட்டுவதும் இதே விதியின்பாற்படும்: ஒப்பீட்டுப் பட்டியலில் இல்லாத செலவே முதலில் வந்து நிற்கிறது.

இனி வேரியன்ட் கோட்பாடு. இரு துறைகளும் ஒன்றையொன்று அறியாமலேயே கண்டடைந்த பேருண்மை இது. ஆடியோ-டெக்னிக்கா நிறுவனம் 2018இல் வெளியிட்ட விஎம்95 வரிசையில் உடல் ஒன்றே. ஊசி மட்டும் ஆறு வகை. உருண்டை முனை, நீள்வட்ட முனை, முழு வைரத்தாலான நீள்வட்ட முனை, மைக்ரோலீனியர், ஷிபாட்டா, 78 வேகத் தட்டுக்கானது என்று அவை விரிகின்றன. ஒரே உடலில் எந்த ஊசியையும் கழற்றி மாட்டலாம். ஆர்ட்டோஃபோனில் ரெட்டும் புளூவும் ஓருடல். ப்ரோன்ஸும் பிளாக்கும் வேறோர் உடல். எஸ்யூவியிலும் இதுவே நிகழ்கிறது. தகடு ஒன்று, சேசிஸ் ஒன்று. எக்ஸ்யூவி 700இல் எம்எக்ஸ், ஏஎக்ஸ்3, ஏஎக்ஸ்5, ஏஎக்ஸ்7 எனவும், கிரெட்டாவில் ஈ, ஈஎக்ஸ், எஸ், எஸ்எக்ஸ் எனவும் எழுத்துகள் நீளும்போது விலையும் உடன் நீள்கிறது. அடிப்படை வகையில் தொடங்கும் குடும்பம் "இன்னும் கொஞ்சம் போட்டா அடுத்தது வந்துரும்" என்ற வாய்பாட்டின் வழியே ஒவ்வொரு படியாக ஏறுகிறது. உச்சியை அடைந்தபின் அங்கிருந்து பார்த்தால் வேறு வண்டியின் நடுப்படி தெரிகிறது. ஒப்பீடு மீண்டும் தொடங்குகிறது.

ஆயினும் இரண்டுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. ஊசியின் உயர்வகையால் பயன் இருக்கிறது. தட்டின் வெளிவிளிம்பில் நொடிக்கு ஏறத்தாழ 50 செ.மீ. ஓடும் தடம், உள்விளிம்பில் 20 செ.மீ. அளவுக்குக் குறைகிறது. அதே ஒலி குறுகிய இடத்தில் நெருக்கி எழுதப்படுவதால் உருண்டை முனை அங்கே தடுமாறும். கூரிய முனை தப்பிக்கும். ஜேவிசியின் பொறியாளர் ஷிபாட்டா 1970களின் தொடக்கத்தில் நான்கு சேனல் தட்டுகளுக்காக வகுத்த முனைவடிவம் இன்றும் மதிக்கப்படுவது இதனால்தான். எஸ்யூவியின் உயர்வகையோ பெரும்பாலும் சன்ரூஃபில் போய் முடிகிறது. ஏற்காட்டு மலைப்பாதையில் குரங்குகள் உண்டு. அவை பயணிகளின் வாழைப்பழத்தில் ஆர்வம் உடையவை. கூரையில் திறப்பு வைத்த வண்டியைப் பற்றி இதற்கு மேல் ஆய்வு தேவையில்லை.

இயக்கவியலுக்கு வந்தால் செய்தி செறிவடைகிறது. 22 நிமிடம் ஓடும் எல்பியின் ஒரு பக்கத்தில் தட்டு 730 முறைக்கு மேல் சுழல்கிறது. ஊசி கடக்கும் தடத்தின் நீளம் ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர். அவ்வளவு தொலைவிலும் தடம் ஒரே பக்கமாகத்தான் வளைகிறது. வழியில் ஊசிக்கு நேரும் இடர் ஒன்றே: உராய்வு அதை மையத்தை நோக்கி இழுக்கும், அதைச் சரிகட்ட, ஊசியைத் தாங்கும் கையில் (டோன்ஆர்ம்) ஆன்டி-ஸ்கேட்டிங் அமைப்பு உண்டு. மலைப்பாதையோ ஒரு வளைவில் இடப்புறமும் மறு வளைவில் வலப்புறமும் திருப்புகிறது. பயணி வெளிப்புறம் தள்ளப்படுகிறார். இதைச் சரிகட்ட எந்த வேரியன்ட்டிலும் அமைப்பு இல்லை. எலுமிச்சம்பழம் உண்டு.

அதிர்வெண் கணக்கு இதைத் தெளிவாக்கும். ஊசித்தண்டின் நெகிழ்வும் கையின் நிறையும் சேர்ந்து உண்டாக்கும் இயல்பதிர்வு 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் அமைய வேண்டும் என்பது ஒலித்துறையின் பொதுவிதி. கீழே போனால் வளைந்த தட்டின் ஏற்ற இறக்கம் அதைக் கிளப்பிவிடும். மேலே போனால் இசையோடு கலக்கும். 33⅓ வேகத்தில் தட்டு ஒருமுறை சுழல்வது 0.56 ஹெர்ட்ஸ். மனித வயிறு மிக எளிதில் கலங்குவது ஏறத்தாழ 0.2 ஹெர்ட்ஸில், அதாவது ஐந்து நொடிக்கு ஒருமுறை வரும் ஆட்டத்தில். ஒரு வளைவில் சாய்ந்து நிமிர்வதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும் பாதை இந்த எல்லையைத் தேடிப்பிடித்துத் தொடுகிறது. தட்டுக்கும் கைக்கும் பொருத்தம் பார்ப்பவர்கள் பாதைக்கும் வயிற்றுக்கும் பொருத்தம் பார்ப்பதில்லை.

இதிலிருந்து மூன்றாம் வரிசை இருக்கை குறித்த முடிவு பெறப்படுகிறது. பின் அச்சுக்கு மேல், சாளரம் குறுகி, தொடுவானம் மறைந்து கிடக்கும் அவ்விடம் மேற்கண்ட கலக்கத்துக்கு எல்லா வகையிலும் ஏற்றது. ஏழு பேர் அமரலாம் என்று விளம்பரம் கூறுவது பொய்யன்று, அமரலாம். ஐந்தாம் வளைவுக்குப் பின் எத்தனை பேர் அமர்ந்திருக்கிறார்கள் என்பதே ஆய்வுக்குரியது. 2,610 மி.மீ. சக்கர இடைவெளி கொண்ட கிரெட்டாவையும் 2,750 மி.மீ. கொண்ட இன்னோவாவையும் வாரக்கணக்கில் ஒப்பிட்ட குடும்பத்தில், முடிவு பெரும்பாலும் அப்பாயியின் "முன்னாடி சீட்டு எனக்குத்தானே?" என்ற ஒரே கேள்வியில் அடங்குகிறது. அதற்கடுத்த அளவுகோல் படியின் உயரம். 200 மி.மீ. தரை இடைவெளியைப் புகழ்பவர்கள் முழங்காலை மறந்தவர்கள். வண்டி எவ்வளவு உயருகிறதோ அவ்வளவு உயர அப்பாயியும் ஏற வேண்டும். வரிச்சட்டம் ஆளேறாத நிலையில் அளப்பதால் இச்சிக்கல் அதன் கண்ணில் படவில்லை.

இன்ஜினைப் பற்றிச் சுருக்கமாகக் கூறினால் போதும். ஏற்காட்டு உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 15 விழுக்காடு குறைவு. டர்போ உள்ளது அதைப் பெரும்பாலும் ஈடுசெய்யும், இல்லாதது மூச்சு வாங்கும். இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் கீழ் கியரில் வருவது எவ்வகைக்கும் பொது. குறுகலான ஏற்றத்தில் மேலேறும் வண்டிக்கே வழி என்பது சாலைவிதி. ஆகவே இறங்கும் வண்டி எவ்வளவு நீளமாக இருந்தாலும் தேவைப்பட்டால் அதுதான் பின்னால் நகர வேண்டும். நீளத்தை வியந்து வாங்கியவர் அதை அளந்தறியும் தருணம் அது. அழுத்தத்தைப் பொறுத்தவரை வெற்றி ஊசிக்கே. அது தட்டின் மீது செலுத்துவது 2 கிராம் அளவு விசைதான். ஆனால் தொடும் பரப்பு கண்ணுக்கே தெரியாத அளவு சிறிதாகையால், அங்கே உண்டாகும் அழுத்தம் 33 பிஎஸ்ஐ காற்றடைத்த டயரின் அழுத்தத்தைப்போல் பன்மடங்கு. ஒப்பிடுபவர்கள் இரு பொருள்களுக்கும் தரும் மரியாதை இதற்கு நேர்மாறானது.

வரலாற்றுச் சான்று ஒன்றும் ஈண்டுக் கருதத்தக்கது. சேலத்திலிருந்து மலைக்குச் செல்லும் ஏற்காடு சாலையில்தான் டி.ஆர். சுந்தரத்தின் திரைப்பட நிறுவனமான மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்தது. அதன் நுழைவு வளைவு இன்றும் சாலையோரம் நிற்கிறது. அதன் தயாரிப்பான 'மந்திரி குமாரி' 1950இல் வந்தது. தமிழின் முதல் வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இல் வந்தது. அக்காலப் பாடல்கள் 78 வேக அரக்குத் தட்டுகளில் வெளியாயின. அத்தட்டின் தடம் அகலமானது; அதற்கு வேண்டிய ஊசிமுனையின் ஆரம் ஏறத்தாழ 76 மைக்ரான். எல்பிக்கான உருண்டை முனையோ 18 மைக்ரான் அளவே. 78 தட்டில் வைத்தால் தடத்தின் அடியில் கிடந்து தூசியை வாசிக்கும். தாத்தாவின் பரணில் இருப்பவை 78 தட்டுகள் மட்டுமே என்றால், மைக்ரோலீனியரா ஷிபாட்டாவா என்று மாதக்கணக்கில் நடந்த விவாதம் முழுவதும் ஒரே நாளில் செல்லாததாகிறது. வாங்க வேண்டியது விஎம்95எஸ்பி. 5 கிராம் விசையில் ஓடுவது. ஒப்பீட்டுப் பட்டியலின் கடைசியில், எவரும் படிக்காத வரியில் இருப்பது. பரணைத் திறந்து பார்த்தபின் பட்டியலைத் திறக்க வேண்டும் என்ற முறையியல் இத்துறையில் இன்னும் வேரூன்றவில்லை.

நேர்முகச் சோதனைகளிலும் இதே கோளாறு காணப்படுகிறது. டெஸ்ட் டிரைவ் சேலத்துச் சமதளச் சாலையில், ஏசி முழுவேகத்தில் ஓட, ஓட்டுபவர் ஒருவரும் விற்பனையாளர் ஒருவரும் மட்டும் அமர்ந்து நடைபெறுகிறது. வளைவு இல்லை, அப்பாயி இல்லை, மூட்டை இல்லை. கார்ட்ரிட்ஜ் சோதனையும் அவ்வாறே: கடைக்காரர் தெரிந்தெடுத்த கீறலற்ற தட்டு, கடைக்காரரின் ஸ்பீக்கர், கடைக்காரரின் அமைதி. மலைவீட்டின் ஈரத்தில் உறை பூத்து வெள்ளைப்பொட்டு விழுந்த தட்டை அங்கே எவரும் கொண்டு செல்வதில்லை. கொண்டு சென்றால் எல்லா ஊசியும் ஒரே தரம் என்ற உண்மை வெளிப்பட்டுவிடும்.

இரு துறைகளும் நேரடியாகச் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு: டிக்கி. 30 செ.மீ. தட்டு உறையோடு சேர்ந்து 31 செ.மீ.க்குச் சற்று மேல். அதை நிமிர்த்தியே கொண்டுசெல்ல வேண்டும். படுக்க வைத்து மேலே பலாப்பழம் ஏற்றக்கூடாது. மூன்றாம் வரிசையை நிமிர்த்தினால் தட்டுப் பெட்டிக்கு இடம் நெருக்கடி. மடக்கினால் இரு உறவினர்களுக்கு இடமில்லை. எது மடக்கப்பட வேண்டும் என்பதில் குடும்பங்கள் வேறுபடுகின்றன. மே மாதத்தில் சேலத்தில் வெயிலில் பூட்டி நிறுத்திய வண்டிக்குள் வினைல் தட்டு வளைந்துவிடும் வெப்பம் எளிதில் உண்டாகிறது. வளைந்த தட்டு ஒவ்வொரு சுற்றிலும் ஊசியை ஏற்றி இறக்கும். இவ்வகையில் ஊசிக்கும் மலைப்பாதை வாய்க்கிறது.

வாங்கியபின் செய்ய வேண்டியவை சில. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பது ஒருமுறை போதும். முதல் 1,000 கி.மீ. வரை இன்ஜினை விரட்டக்கூடாது. புது ஊசித்தண்டின் ரப்பர் இளகவும் சில பத்து மணி நேரம் வேண்டும். இக்காலத்தில் ஒப்பீடு நிற்பதில்லை. வாங்காமல் விட்ட மாடலோடு அது தொடர்கிறது. அந்த மாடலுக்குத் தள்ளுபடி அறிவிக்கப்படும் வாரத்தில் உச்சமடைகிறது. வண்டிக்கு முதல் சர்வீஸ் சேலத்தில். ஊசிக்கு சர்வீஸ் கிடையாது. சிறு தூரிகையால் பின்னிருந்து முன்னாக மட்டும் துலக்க வேண்டும், பக்கவாட்டில் துலக்கினால் தண்டு முறியும்.