மண்டப வாசலில் கைக்கிளை: ஓர் ஆய்வு

கல்யாணத்துக்கு வந்தவரை வாசலில் வரவேற்பது குறித்து விரிவாகப் பேச வேண்டிய கடமை இவ்வாய்வாளன் தலையில் விழுந்திருக்கிறது. விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கிய வள்ளுவர் பத்துக் குறளில் ஒன்றிலும் பன்னீர்ச் செம்பைத் தொடவில்லை. அவர் காலத்தில் செம்பு இல்லை என்பர் ஒரு சாரார். இருந்தது, பதினோராவது குறளைக் கடல் கொண்டது என்பர் மறுசாரார். இரு சாராரும் ஒரே துறையில் பணிபுரிவதால் பேசிக்கொள்வதில்லை.

வரவேற்புப் பொருள்கள் பன்னீர், சந்தனம், குங்குமம், கற்கண்டு, பூ என ஐந்து. கற்கண்டைச் சிறுவர்கள் தீர்த்துவிடுவதால் தரவு கிடைக்கவில்லை. மின்சாரத்தில் கைகூப்பும் பொம்மை ஆய்வு எல்லைக்கு வெளியே நிற்கிறது. தெரியாதவரைத் தெரிந்ததுபோல் அது நடிப்பதில்லை.

அந்த நடிப்பே நம் பொருள். தொல்காப்பியம் அகத்தை ஏழு திணையாக்கி, கைக்கிளையை முதலிலும் பெருந்திணையை இறுதியிலும் வைத்தது. வாசலுக்கும் அதுவே பொருந்தும். நடுவிலுள்ள ஐந்திணையில் இருவருக்கும் இருவரையும் தெரியும். ஆகவே ஆராய ஒன்றுமில்லை. கைக்கிளை ஒருதலை அறிமுகம். வந்தவர் தோளைப் பிடித்து உலுக்கி, “என்னைத் தெரியுதா மாப்ளே?” என்பார். நிற்பவர் முகத்தில் நகை முதல் உவகை வரை எட்டு மெய்ப்பாடும் ஒரே நொடியில் வந்து போகும். “தெரியாம என்ன! வாங்க வாங்க!” என்பது முதல் அரண் (இரண்டாம் பந்தி வாய்மொழி, ரசத்துக்கு முன்). “டிபன் சாப்பிட்டீங்களா?” என்பது இரண்டாம் அரண் (மண்டப மாடிப்படிச் சுவர், கரிக்கட்டி எழுத்து, கீழிருந்து மூன்றாம் வரி, மேல்வரிகள் வெள்ளையடிப்பில் சிதைந்தன). “அக்கா வரலையா?” என்பது அரண் அன்று, அகழி. அக்காவோடு அவருக்குக் கோர்ட்டில் வழக்கு நடந்துகொண்டிருக்கலாம். எனவே “வீட்ல எல்லாரும் சௌக்கியமா?” என்பதே சரியான பாடம் (மொய் நோட்டு, பின்னட்டை உட்புறம், காப்பிக் கறை படிந்த பிரதி, கறையில்லாப் பிரதியில் இவ்வரி காணப்படாமையால் கறையே பழமைக்குச் சான்று). “இல்ல, நான் யாருன்னு சொல்லு பாப்போம்” என்று அவர் விடாப்பிடியாக நின்றால், சித்தப்பாவைக் கூவி அழைத்து ஒப்படைத்துவிட்டு நகர்வதே மரபு. சித்தப்பாவுக்கும் தெரியாது. அவர் பங்குக்கு மாமாவை அழைப்பார். இதனை உரையாசிரியர் மரபு என்றும் சொல்லலாம்.

பெருந்திணையில் இருவருக்கும் இருவரையும் தெரியாது. முகூர்த்த நாளில் மண்டபம் மாறி நுழைந்தவர்கள் இவ்வகையினர். தயங்காமல் பன்னீர் வாங்கிக்கொண்டு, “பொண்ணு மகாலட்சுமி மாதிரி இருக்கா” என்று மணமேடை இருக்கும் திசையைக்கூடப் பார்க்காமல் வாழ்த்திவிட்டுப் பந்திக்குப் போவார்கள். ஆய்வேட்டின் கட்டைப் பிரிக்காமலே ‘அரிய பங்களிப்பு’ என்று கையெழுத்திட்டு, சாப்பாடு எங்கே என்று விசாரிக்கும் புறத்தேர்வாளரையும் இத்திணையில் அடக்கலாமா என்பது பட்டம் கைக்கு வந்தபின் ஆராயத் தக்கது.