துச்சாதனன் ஏத்தற கற்பூரம்

இன்னா பேராண்டி, கதவைச் சாத்திக்கினு, வெளக்கை அணைச்சிட்டு, ஹெட்செட்டை மாட்டிக்கினு உக்காந்துட்ட? கேட்டா கதைக்குள்ள போவணும்ன்ற. உங்கம்மா சாப்பிடக் கூப்ட்டா கதை கலைஞ்சிடுதாமே? அவ்ளோ நோஞ்சான் கதையை எவன்டா எழுதனான்?

நம்ம செய்யாறு பக்கம் துரோபதையம்மன் திருவிழாவுல விடிய விடிய பாரதக் கூத்து ஆடுவாங்க. கொழந்தை அழுவும். சுண்டல்காரன் கூவுவான். துச்சாதனன் யாரு? காலையில எங்கூட ஏர் ஓட்டினவன். அது தெரியாத ஆளு கூட்டத்துல உண்டா? ஆனா துகில் உரியற எடம் வந்தா பொம்பளைங்களுக்கு ஆவேசம் வந்துடும். அவனும் பொடவையைத் தொடறதுக்கு முன்னாடி கற்பூரம் ஏத்தி, அம்மன்கிட்ட மன்னிப்பு கேட்டுக்குவான். பாக்கறவனுக்கு மட்டுமா, ஆடறவனுக்கும் ஒதறல்தான்.

காலேஜ் படிக்கற உங்கக்கா ஒண்ணு சொன்னா. 2000-ல அமெரிக்காவுல மெலனி கிரீன், திமோதி பிராக்னு ரெண்டு பேர் சோதிச்சுப் பாத்தாங்களாம். ஒரே கதை. சில பேர்கிட்ட நெசம்னாங்க, சில பேர்கிட்ட கற்பனைன்னாங்க. முழுவறவன் ரெண்டுலயும் முழுவினான். அப்பால, எங்கெங்க பொய்யடிக்குதோ அங்க வட்டம் போடுன்னாங்க. நல்லா முழுவினவன் கம்மியாத்தான் போட்டானாம். நல்ல சோதனைதான், கொறை சொல்லலை. எங்க கூத்துக்கு ஒருக்கா வந்திருந்தா காயிதம் மிச்சம்.

அந்த வட்டம் போடற சமாச்சாரம் இருக்கே, அதை ரவ கவனி. சினிமாவுல வில்லனா நடிச்ச நம்பியார், நெசத்துல சபரிமலைக்குப் போன குருசாமி. எங்காத்தாகிட்ட சொன்னா நம்புவாளா? கொட்டாயில பாத்த வில்லன்தான் அவளுக்கு. சாவற வரைக்கும் அந்த மனுசனைத் திட்டினா. ஓட்டு கேட்டு வர்றவன் மொதல்ல ஒரு கதையை எடுத்து வுடறானே, இன்னாத்துக்குன்னு நெனச்ச?

இன்னொண்ணு கேள்விப்பட்டேன். முடிவைச் சொல்லிட்டான்னு தோஸ்துகூட பேச்சையே நிறுத்திட்டியாம். அட கிறுக்கா! கடைசி நாள் பீமன் துரியோதனன் தொடையை ஒடைப்பான்னு பால்குடி மறக்காததுக்குக்கூட தெரியும். களத்துமேட்டுல மண்ணாலயே பெரிய துரியோதனனைப் படுக்கப்போட்டு வச்சிருப்பாங்க. ஊரே வெயில்ல கால் கடுக்க நிக்கும். முடிவு தெரியாமலா நிக்குது?

உன் சீரியல்ல கொலை பண்ணது யாருன்னு உங்க பாட்டி மொத நாளே கண்டுபுடிச்சிட்டா. சொல்லட்டுமா?