வேலை விளம்பர வழுவியல்

கிண்டி ரயில் நிலையப் பக்கம் சுவரில் ஒட்டியிருக்கும் தாள்களையும், வேலைவாய்ப்புச் செயலிகளில் வந்து விழும் அறிவிப்புகளையும் ஓராண்டாக ஊன்றி வாசித்துவருகிறேன். வேலை எனக்கல்ல, அக்கா மகன் பி.காம். முடித்திருந்தான். வாசித்ததில் ஒன்று தெளிந்தது. இவற்றில் பொய் மிகக் குறைவு, இருப்பதெல்லாம் இலக்கணம். பக்கத்தில் நன்னூலை வைத்துக்கொண்டு படித்தால் ஒவ்வொரு சொல்லும் பொருள் தருகிறது. தமிழ்ப் பாடத்தில் இலக்கணக் கேள்விகளை நம் பிள்ளைகள் சாய்ஸில் விட்டுவிடுவதால்தான் இந்தத் தொழில் நடக்கிறது என்பது என் துணிபு.

முதலில் பெயரியல். ‘பிசினஸ் டெவலப்மென்ட் எக்ஸிகியூட்டிவ்’ என்பது அன்மொழித்தொகை. ‘பொற்றொடி வந்தாள்’ என்றால் வந்தது வளையல் அன்று, அதை அணிந்த பெண். பொருள் சொற்களுக்கு வெளியே நிற்கும். இங்கேயும் அப்படித்தான்: பிசினஸ், டெவலப்மென்ட், எக்ஸிகியூட்டிவ் மூன்றுக்கும் வெளியே, வெயிலில், தோள்பையோடு ஒரு பையன் நிற்கிறான். உருபு மறைந்து நிற்பதைத் ‘தொகை’ என்றார்கள் இலக்கணிகள். சம்பளத்தையும் தொகை என்றே சொல்கிறோம்.

தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக்கினார் பவணந்தியார். மூன்றையும் ஒரே பக்கத்துக்குள் அடக்கிய துறை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். வீடு வீடாகப் போய் மணி அடிப்பதைக் ‘கிளையன்ட் அக்விசிஷன்’ என்பது இடக்கரடக்கல். அவையில் சொல்லத் தகாததை மூடிச் சொல்வது. நிலையான சம்பளம் கிடையாது என்பதை ‘வருமானத்துக்கு எல்லையே இல்லை’ என்பது மங்கலம்; விளக்கை அணை என்னாமல் குளிரவை என்பதைப் போல. (எல்லை இல்லைதான், கீழ்ப்பக்கமும்.) லாகின், கன்வெர்ஷன், கிளாபேக் ஆகியவை குழூஉக்குறி. கடைசிச் சொல்லுக்கு மட்டும் உரை வேண்டும். வாங்கியவர் பாதியில் விட்டுவிட்டால், விற்றவனுக்குக் கொடுத்த கமிஷனைப் பின்னால் வரும் கணக்கில் பிடித்துக்கொள்வது அது. பொற்கொல்லர் தமக்குள் பொன்னைப் ‘பறி’ என்பர் என்று பழைய உரைகள் காட்டும் உதாரணத்தை இங்கே பெயராக அன்றி வினையாகக் கொள்க.

‘15,000 முதல் 35,000 வரை.’ பலரும் இடறி விழுவது இந்தத் தொடரில்தான். வரை என்பதற்குப் பழந்தமிழில் மலை என்றும் பொருள். 35,000 அதன் உச்சியில் இருக்கிறது. ஏறியவரைப் பற்றிய செய்தி பயிற்சி வகுப்பில் மட்டுமே கேட்கும். ‘போன வருஷம் உங்களை மாதிரிதான் வந்தார், இப்ப கார் வெச்சிருக்கார்’ என்று சொல்லப்படும் அவரை இல்பொருள் உவமை என்க. ‘முதல்’ என்ற சொல்லுக்கோ வியாபாரத்தில் போடும் பணம் என்றும் பொருள் உண்டு. பைக்குக்குப் பெட்ரோல், போனுக்கு ரீசார்ஜ், கறுப்பு ஷூ, இரண்டு ஃபார்மல் சட்டை: யார் போடும் முதல் என்பதை விளம்பரம் சொல்லவில்லை, அவ்வளவே. விகாரம் மூன்றும் ஆறு மாதத்துக்குள் வந்துவிடும். இன்சென்டிவ் தோன்றும், டார்கெட் திரியும், சம்பளம் கெடும்.

திணைவழுவும் உண்டு. மாலை ஆறு மணிக்கு டீம் லீடர் கேட்பார்: “இன்னிக்கு எத்தனை லீட் வந்துச்சு? எத்தனை விழுந்துச்சு?” வந்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியராக இருக்கலாம், லீட் ஆனதும் அஃறிணை. விற்பவனும் நெடுநாள் உயர்திணையில் நிலைப்பதில்லை. “அந்த பேட்ச்ல பாதி போயிடுச்சு” என்பார் அவரே.

ஆள் சேர்த்தால் பணம் என்னும் சங்கிலி வகையை இந்நூலில் சேர்க்கவில்லை. பணச் சுழற்சித் திட்டங்களைத் தடுக்கும் சட்டம் 1978-லேயே வந்துவிட்டது. 2021-இன் நேரடி விற்பனை விதிகளும் பிரமிடைத் தடைசெய்தன. அது இலக்கணத்தில் அடங்காது, குற்றவியலைச் சேரும்.

விற்பது இழிவு என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மருந்துக் கம்பெனி ரெப்கள் சங்கம் வைத்துப் போராடியவர்கள். விற்பனை ஊக்குவிப்புப் பணியாளருக்கென்று 1976-இல் வந்த சட்டம் நியமனக் கடிதம் கொடுத்தாக வேண்டும் என்றது. எப்பெயரிட்டு அழைத்தாலும் அவர் பணியாளரே என்ற பொருளில் ஒரு தொடரையும் போட்டுவைத்தது. அதை எழுதியவருக்கு அன்மொழித்தொகை தெரிந்திருக்கிறது.

இனி அக்கா மகன். ஓர் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனியில் ‘சேல்ஸ் மேனேஜர்’ வேலை. இருபத்தொரு வயதில் மேனேஜர் என்று தெருவெல்லாம் சாக்லேட் கொடுத்தோம். யாரை மேனேஜ் செய்வது என்று முதல் வாரம் தெரிந்தது: அவனே ஏஜென்ட்டுகளைப் பிடித்துவர வேண்டும், அவர்கள் விற்கவேண்டும், விற்காவிட்டால் அவன் போகவேண்டும். பயிற்சியில் ஒரு தாள் கொடுத்துத் தெரிந்தவர் நூறு பேரின் பெயரை எழுதச் சொன்னார்களாம். கல்யாணப் பத்திரிகை வைக்கும் வரிசையில், பெரியப்பாவில் தொடங்கி உற்சாகமாக எழுதியிருக்கிறான். அதற்கு ‘நேச்சுரல் மார்க்கெட்’ என்று பெயர். சுற்றம் என்று நாம் சொல்வதன் குழூஉக்குறி. கம்பெனி வேலைக்கு எடுத்தது பையனை அன்று, அந்தத் தாளை. பெயர்கள் தீர்ந்த அன்று பையனும் தீர்ந்தான்.

அதற்குள் அக்கா ஏஜென்ட் தேர்வு எழுதி நியமனக் கடிதம் வாங்கிவிட்டாள். ஐம்பத்திரண்டு வயதில் அவள் புத்தகத்தை வைத்துக்கொண்டு, அடுப்படியில் நின்று, ‘காப்பீடு என்றால் என்ன’ என்று முணுமுணுத்ததை நான் பார்த்தேன். அம்மா என்ற முறைப்பெயர் திங்கட்கிழமைக் கூட்டத்தில் ‘என் டீம்ல ஒருத்தங்க’ என்று திரிந்தது. எட்டாம் மாதம் டார்கெட் வரவில்லை என்று அவனையே ராஜினாமாக் கடிதம் எழுதச் சொன்னார்கள். இலக்கணப்படி அது தன்வினை. செய்வித்தவர் கடிதத்தில் இல்லை.

தாளில் நான் ஏழாவது பெயர். ஆண்டுக்கு 24,000 ரூபாய், பன்னிரண்டு ஆண்டுகள். பிடிக்காவிட்டால் முப்பது நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று பத்திரத்திலேயே அச்சிட்டிருந்தது. மருமகன் கையால் வாங்கியதை எந்த மாமா திருப்பிக் கொடுப்பான்? அவன் இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறான்; அக்கா தன் நியமனக் கடிதத்தைத் துணி பீரோவில் புடவைக்கடியில் வைத்திருக்கிறாள். தவணை விஷயமாகக் கம்பெனிக்குப் போன் செய்தேன். ஏஜென்ட் செயல்படாததால் என்னுடையது ‘ஆர்ஃபன் பாலிசி’ என்றாள் ஒரு பெண். புதுக் குழூஉக்குறி, குறித்துக்கொண்டேன். புதிதாக ஒரு மேனேஜர் என்னை வந்து பார்ப்பாராம். போன வாரம் வந்தார். இருபத்திரண்டு வயதிருக்கும். தண்ணீர் கேட்டார், குடித்தார், பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, “சார், உங்களுக்குத் தெரிஞ்சவங்க ஒரு அஞ்சு பேர்...” என்றார்.