அம்மா என்னும் நாற்காலி

1851-இல் பிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் ஈரக் கொலோடியன் என்னும் புகைப்பட முறையை வெளியிட்ட பின், இங்கிலாந்தில் குடும்பப் படம் எடுப்பது மலிவானது. சில விநாடிகள் ஆடாமல் இருந்தால் போதும். இந்தச் செய்தி கைக்குழந்தைகளுக்கு மட்டும் போய்ச் சேரவில்லை.

தலை ஆடாமலிருக்கப் பெரியவர்களுக்குப் பிடரியில் இரும்புக் கவ்வி. குழந்தைக்கு அம்மாதான் கவ்வி! படத்தில் பிள்ளை மட்டும் தெரியட்டும் என்று, உச்சி முதல் பாதம் வரை அவள்மேல் திரைச்சீலையைப் போர்த்தி, நாற்காலி போல உட்காரவைத்து, மடியில் பிள்ளையைக் கொடுத்துவிடுவார் ஸ்டுடியோக்காரர். படத்தில் அம்மா ஒரு துணி மூட்டை. பிள்ளையை இறுக்கிப் பிடித்த விரல்கள் மட்டும் எங்கேயோ எட்டிப் பார்க்கும். முட்டை வடிவில் வெட்டிய அட்டைச் சட்டத்தை மேலே வைத்தால் பாதி மூட்டையும் காணாமல் போகும்.

அப்படியும் திருப்தி இல்லாதவர்கள், அவள் முகம் தெரிந்துவிட்ட சில படங்களில் அதைச் சுரண்டியே எடுத்திருக்கிறார்கள். பக்கத்து மேசை விரிப்பின் குஞ்சத்தில் கைவைக்க மட்டும் மனம் வரவில்லை போலும்.