வில் ஒப்பீட்டியல்: புத்தூர் வட்டாரத்தை முன்வைத்து ஒரு முன்னாய்வு

வேட்டை வில் வாங்குவது வணிகவியலில் சேரும். வாங்குவதற்கு முன் அதை இன்னொரு வில்லோடு ஒப்பிட்டுப் பார்ப்பது தனித்துறை. இத்துறைக்குப் பல்கலைக்கழகத்தில் இருக்கை கிடையாது, பாடத்திட்டம் கிடையாது. ஆய்வாளர்கள் மட்டும் உலகெங்கும் இருக்கிறார்கள், பெரும்பாலும் இரவு பதினொரு மணிக்கு மேல், கையில் போனோடு. அவர்களில் ஒருவரைப் புத்தூரில் கண்டு, அளந்து, எழுதியது இது.

சென்னையிலிருந்து திருப்பதிக்குப் பேருந்தில் போகிறவர்கள் நகரி தாண்டியதும் அரைத்தூக்கத்தில் கடந்துவிடும் ஊர் புத்தூர். 1960-ல் பட்டாஸ்கர் தீர்ப்பின்படி திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது இது ஆந்திரத்திலேயே தங்கிவிட்டது. 2022-ல் சித்தூர் மாவட்டத்தைப் பிரித்தபோது திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. எல்லைக் கோட்டை எப்போதும் வேறு யாரோ இழுத்த ஊர் என்பதால், வில்லையாவது தானே இழுக்க வேண்டும் என்ற ஏக்கம் அங்கே ஒருவருக்கு வந்ததில் வியப்பில்லை. அந்த ஒருவரை இனி ஆய்வுக்குரியவர் என்போம். விசைத்தறி வைத்திருக்கிறார்; வயது நாற்பதை ஒட்டி; உயரம் ஐந்தடி ஆறங்குலம். உயரத்தை வாசகர் நினைவில் வைக்கவும், பின்னால் தேவைப்படும்.

அற்றேல், வில் ஆராய்ச்சிக்குப் புத்தூர் எதற்கு எனின், அது வேட்டையால் பெயர்பெற்ற ஊர் என்க. சென்னையில் எந்தப் பேட்டைக்குப் போனாலும் 'புத்தூர் கட்டு' என்றொரு போர்டு தொங்கும். அதன் வேர் புத்தூரை ஒட்டிய ராச்சபாளையத்தில் இருக்கிறது. கேசவ ராஜு என்பவர் 1881-ல் தொடங்கினார் என்பது வழிவழிச் செய்தி. அவர் காட்டுக்கு வேட்டைக்குப் போனார், ஒரு முயலை அடித்தார், கையில் கிடைத்த இலைதழைகளில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார், பிரித்துப் பார்த்தால் முறிந்த எலும்பு கூடியிருந்தது என்று கதை போகிறது. அன்று முதல் மூலிகை அரைப்பு, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை, துணிச்சுற்று என்று பரம்பரையாக நடந்துவருகிறது. பொதுவாக வேட்டையால் எலும்பு முறியும். வேட்டையால் எலும்பு கூடிய செய்தி இந்த ஊரில்தான்.

இங்கே ஓர் ஆய்வுச் சிக்கல். கேசவ ராஜு முயலை எதனால் அடித்தார் என்று கதை சொல்வதில்லை. கண்ணியா, தடியா, வில்லா? ஆய்வுக்குரியவர் வில்தான் என்று அடித்துச் சொல்கிறார். ஆதாரம் கேட்டேன்.

"கண்ணியில மாட்டியிருந்தா எலும்பு எப்படிண்ணா முறியும்?"

"அம்பு பட்டாலும் முறியணும்னு இல்லையே, தம்பி."

"அதான் கூடிடுச்சே!"

நன்னூலார் அடுக்கிய எழுவகை மதங்களில் இருவர் மாறுகோள் ஒருதலை துணிவு என்று ஒன்று உண்டு. இரண்டு பேர் முரண்பட்டால் ஒரு பக்கம் துணிந்து நிற்பது. அது இவ்வாறு பயன்படும் என்று நன்னூலாரே எதிர்பார்த்திருக்க மாட்டார்.

புத்தூருக்கு வடக்கே சற்றுத் தள்ளி ஸ்ரீகாளஹஸ்தி இருக்கிறது. தமிழில் வில் என்று பேச்செடுத்தால் கண்ணப்பரைத் தொடாமல் போக முடியாது. அவர் இந்த வட்டாரத்துக்காரர். சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் விரிவாகப் பாடியிருக்கிறார். நாகனுக்கும் தத்தைக்கும் மகன், உடுப்பூர்க்காரர், இயற்பெயர் திண்ணன். நம் துறை சார்ந்து பெரியபுராணத்தைப் படித்தால் சில உண்மைகள் உறுத்துகின்றன. திண்ணனுக்கு வில்விழா எடுக்கிறார்கள், ஊரே கூடிக் கொண்டாடுகிறது, வில் கைக்கு வருகிறது. எந்த வில் நல்லது என்று அவர் யாரையும் கேட்டதாக ஓரிடத்திலும் இல்லை. முதல் வேட்டையில் நாணனும் காடனும் கூட ஓடிவர ஒரு பன்றியைத் துரத்துகிறாரே, அதைக் கடைசியில் முடித்தது அம்பு இல்லை. இடையில் செருகியிருந்த உடைவாள். பிறகு மலையேறி இறைவனைக் கண்டதும் இரவு முழுக்க வில்லேந்திக் காவல் நிற்கிறார். வில் அங்கே காவல்காரர் கைத்தடி. இறுதியில் தம் கண்ணைத் தோண்டியெடுக்க அம்பைப் பயன்படுத்துகிறார். அது அறுவைக் கருவி. ஆக, நம் மரபின் தலைசிறந்த வேட்டுவர், புராணத்தின் மிக முக்கியமான இடங்களில் வில்லை வில்லாகப் பயன்படுத்தவே இல்லை. இதை ஆய்வுக்குரியவரிடம் சொன்னேன். சிறிது யோசித்துவிட்டு, "அவருகிட்ட இருந்தது பழைய மாடல்ணா" என்றார்.

புதிய மாடலின் வரலாறு சுருக்கமானது. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் ஹாலிஸ் வில்பர் ஆலன் என்பவர் நல்ல வில் ஒன்றின் இரு முனைகளையும் அறுத்தெறிந்துவிட்டு அங்கே கப்பிகளை மாட்டினார். 1966-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1969-ல் கிடைத்தது. வில்லை முறித்தவருக்கு மிதிலையில் பெண் கொடுத்தார்கள். அறுத்தவருக்கு வாஷிங்டனில் பத்திரம் கொடுத்தார்கள். முறிந்த வில் அத்தோடு ஓய்ந்தது. அறுத்த வில்தான் காம்பவுண்ட் வில் என்ற பெயரில் உலகம் முழுக்கப் போனது.

கப்பியின் சூட்சுமம் அதன் அச்சு நட்ட நடுவில் இல்லாமல் ஓரம் தள்ளியிருப்பதில் இருக்கிறது. இதைக் கேம் என்கிறார்கள். நாணை இழுக்கும்போது பாதி வழியில் முழு எடையும் கையில் ஏறும். கடைசியில் கேம் புரண்டதும் எடை சட்டென்று இறங்கிவிடும். இந்த இறக்கத்துக்கு லெட்-ஆஃப் என்று பெயர். 70 பவுண்டு வில்லில் 80 சதவீதம் லெட்-ஆஃப் என்றால், முழுக்க இழுத்து நிறுத்தியபின் கையில் நிற்பது 14 பவுண்டுதான், ஆறரை கிலோவுக்கும் குறைவு. மான் தலையைத் திருப்பும் வரை கை நடுங்காமல் காத்திருக்கலாம். பழைய வில்லில் முழு எடையும் அங்கேதான் உட்காரும். இந்த ஒரே இயந்திர உண்மையை ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனிப் பெயர் வைத்து, ஒவ்வொரு ஆண்டும் பெயரை மாற்றி விற்கிறது. நன்னூலாரின் முப்பத்திரண்டு உத்திகளில் இதற்கும் ஒன்று உண்டு: தன்குறி வழக்கம் மிக எடுத்துரைத்தல்.

இனி அட்டவணை. ஆய்வுக்குரியவர் அதைத் தறிக் கணக்கு நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுதிவருகிறார். முன்பக்கமிருந்து நூல் கணக்கு, பின்பக்கமிருந்து வில் கணக்கு. இரண்டும் எங்கோ நடுவில் சந்திக்கவிருக்கின்றன. ஹாய்ட், மேத்யூஸ், பி.எஸ்.இ., போடெக் என்று வரிசை. ஒவ்வொன்றுக்கும் நேரே எடை, இரண்டு அச்சுகளுக்கும் இடையே நீளம், நாணுக்கும் பிடிக்கும் இடையே தூரம், லெட்-ஆஃப், வேகம். வேகம் மட்டும் சிவப்பு மையில். ஒரு வில் வினாடிக்கு 340 அடி, இன்னொன்று 345. இந்த ஐந்தடியைப் பற்றி யோசித்தே அவருக்கு மாசி போய்ப் பங்குனி வந்துவிட்டது.

அந்த 340 எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். 70 பவுண்டு இழுவிசை, 30 அங்குல இழுநீளம், 350 கிரெயின் அம்பு, அதாவது சுமார் 22.7 கிராம். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு அளந்த வேகம் அது. 30 அங்குலம் யாருடைய அங்குலம்? இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை அளந்து, 2.5-ஆல் வகுத்தால் ஒருவருடைய இழுநீளம் உத்தேசமாகக் கிடைக்கும். 30 வர வேண்டுமானால் விரித்த கை 75 அங்குலம் இருக்க வேண்டும். ஆறடி மூன்றங்குல ஆள்.

தறிக் கொட்டகையிலேயே அளந்தோம். இரண்டு தறிகளுக்கு நடுவே நடைபாதை குறுகல். அவர் கையை விரித்தால் ஒரு பக்கம் பாவு உருளை இடித்தது, மறுபக்கம் சுவிட்ச் போர்டு. சுவரோரம் திரும்பி நின்று, சுண்ணாம்பில் விரல் நுனியைப் பென்சிலால் குறித்து, துணி அளக்கும் நாடாவைப் பிடித்தோம். 66 அங்குலம். வகுத்தால் 26.4. அவர் மறுபடி அளக்கச் சொன்னார், இந்த முறை மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு. அதே 66.

இழுநீளம் ஓரங்குலம் குறைந்தால் வேகம் ஏறக்குறைய 10 அடி குறையும். ஆகவே இங்கேயே 36 அடி போயிற்று. அவருடைய தோளுக்கு 70 பவுண்டு ஆகாது, 50 போதும் என்று வைத்தால், பவுண்டுக்கு இரண்டடி வீதம் இன்னும் 40. நாணில் குறிபார்க்கும் வளையம் கட்டினால் மேலும் சில அடி. 340 என்று அச்சடித்த வில் புத்தூருக்கு வந்து சேரும்போது 264 அடிக்கும் கீழே. 345 என்ற வில்லும் அதே கணக்கில்தான் இறங்கும். மாசி மாதத்தைத் தின்ற அந்த ஐந்தடி, இழுநீளத்தில் அரை அங்குலத்துக்குச் சமம். மக்கள் தங்கள் கையை அளக்காமல் வில்லை அளக்கிறார்கள் என்பதே இவ்வாய்வின் முதன்மைக் கண்டுபிடிப்பு. மற்றதெல்லாம் இதற்கு உரை.

50 பவுண்டு போதும் என்று நான் எப்படிச் சொன்னேன் என்று கேட்பார்க்கு: நாற்காலியில் உட்கார்ந்து, வில்லை இலக்குக்கு நேராக நீட்டி, வானத்தைப் பார்த்துத் தூக்காமல் நிதானமாக இழுக்க முடிய வேண்டும். தூக்கினால்தான் இழுக்க முடிகிறது என்றால் அது தோளுக்கு மீறிய வில். மீறி இழுத்துத் தோள்பட்டையைக் கெடுத்துக்கொண்டவர்கள் அமெரிக்காவில் நிறைய. அம்பு பூட்டாமல் நாணை விட்டால் வில்லின் கைகளே தெறித்துப் போகும். நாண் மாற்றவோ அதை அழுத்திப் பிடிக்கத் தனி எந்திரம் வேண்டும். அந்த எந்திரம் புத்தூரில் இல்லை. வில்லுக்கு விற்பனைக்குப் பிந்தைய சேவை கிடைக்காது. வாங்கியவருக்கு மட்டும், ஆட்டோ பிடித்தால் பத்து நிமிடத்தில் ராச்சபாளையத்தில் கிடைக்கும். உலகில் வேறெந்த வில் ரசிகருக்கும் இந்த வசதி வாய்த்ததில்லை.

இந்த ஒப்பீட்டில் சேர்க்காத விற்கள் சில உண்டு. வில்லுப்பாட்டு வில் தெற்கத்திச் சரக்கு. வேகம் பூச்சியம், ஒலி அதிகம், வேட்டைக்கு உதவாது. மெத்தைக்குப் பஞ்சு கொட்டுகிறவர் தோளில் சுமந்துவந்த வில் ஓய்வுபெற்றுவிட்டது. மாந்தோப்புகளில் கிளி விரட்டப் பையன்கள் வைத்திருக்கும் உண்டிகோலைச் சேர்க்கலாமா என்று நெடுநேரம் விவாதித்தோம். சித்தூர்ப் பக்கத்துப் பெங்களூரா மாங்காய்களைக் காப்பாற்றியதில் அதன் பங்கு காம்பவுண்ட் வில்லைவிடப் பெரிது என்பதால், ஒப்பீடு ஒருதலைப்பட்சமாகிவிடும் என்று விட்டுவிட்டோம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு கேள்வி மிச்சம். வாங்கி, எதை வேட்டையாடுவது? 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்துவிட்டது. மான், பன்றி மட்டுமில்லை. கேசவ ராஜு அடித்த முயலும் இன்று குற்றம். வடக்கே சேஷாசலக் காடு, மேற்கே பலமநேர் பக்கம் யானைகள் உலவும் கௌண்டின்யா சரணாலயம். சுற்றிலும் காடுதான், ஆனால் கண்ணால் பார்க்க மட்டும். புறநானூற்றில் வன்பரணர் பாடிய வல்வில் வேட்டுவன், ஓரி என்றே கொள்வர், ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, புற்றிலிருந்த உடும்பு என ஐந்தையும் ஊடுருவினான். இன்று கொல்லிமலையில் அதே அம்பை விட்டால் ஒரு எய்தலுக்கு ஐந்து வழக்கு. அதில் யானையும் புலியும் உடும்பும் முதல் அட்டவணை. அம்பு எத்தனை கிரெயின் என்று புலவர் குறிக்காதது துறைக்குப் பேரிழப்பு. வேகத்தைவிட அம்பின் கனமே ஆழமாக ஊடுருவும் என்று இன்றைய வேட்டைக்காரர்கள் வாதிடுகிறார்கள். அவர்கள் பக்கம் ஓரியைச் சாட்சியாகக் கூப்பிட்டிருக்கலாம்.

சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. காகம், பழந்தின்னி வௌவால், எலி, சுண்டெலி ஆகியவற்றைத் தொல்லை உயிர்கள் என்று ஓர் அட்டவணையில் போட்டு, கொல்லலாம் என்று விட்டிருந்தார்கள். 70 பவுண்டு வில்லோடு சுண்டெலிக்குக் காத்திருக்கும் காட்சி வீரமானது இல்லைதான். ஆனாலும் உரிமை உரிமைதானே. 2022-ல் திருத்தம் வந்து அந்த அட்டவணையையும் எடுத்துவிட்டது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறை. எலியை வைத்து இழுத்துக்கொண்டிருந்த வாதமும் அத்தோடு முடிந்தது.

எனவே, சட்டத்துக்கு உட்பட்ட ஒரே வேட்டை காகிதத்தின்மீது. அதில் ஆந்திரம் சளைத்ததில்லை. விஜயவாடாவின் ஜோதி சுரேகா 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் காம்பவுண்ட் வில்லில் தனிநபர், குழு, கலப்பு என மூன்று தங்கம் அள்ளினார். அந்தப் போட்டிகளில் இழுவிசை 60 பவுண்டுக்கு மேல் கூடாது. இலக்கு 50 மீட்டர் தள்ளி, 80 சென்டிமீட்டர் அகலம். நடுவே பத்துப் புள்ளி வட்டம் எட்டே சென்டிமீட்டர். 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் கலப்பு இரட்டையர் பிரிவில் காம்பவுண்ட் வில் முதன்முறையாக நுழைகிறது. இதையெல்லாம் எடுத்துச் சொல்லி, இலக்கு வில்லாகவே வாங்கிவிடலாமே என்றேன். அவர் முகம் மலர்ந்தது. வேட்டை வில் குட்டையானது, அச்சுக்கு அச்சு 30 அங்குலத்தைச் சுற்றி. இலக்கு வில் 37-க்கும் மேலே, நின்று நிதானமாகக் குறிபார்க்க. முற்றிலும் வேறு இனம். நோட்டில் புதுப் பக்கம் திருப்பிக் கோடு போடத் தொடங்கிவிட்டார்.

"எப்ப வாங்கறதா உத்தேசம்?"

"நவம்பர் வாக்குல அடுத்த வருஷ மாடல் விடுவாங்கண்ணா. அதையும் சேத்துப் பாத்துடலாம்."

வாசலில் உட்கார்ந்து ஊடைக் கட்டை சுற்றிக்கொண்டிருந்த அவருடைய அப்பா, தலையைத் திருப்பாமலே குரல் கொடுத்தார்: "டேய், மூணாந்தறி நூல் அறுந்து எந்நேரமா நிக்குது. போய் முடிச்சு போடு."

"இதோ நைனா" என்று நோட்டை என் கையில் திணித்துவிட்டு ஓடினார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தேன். எடை இருந்தது, நீளம் இருந்தது, லெட்-ஆஃப் இருந்தது, சிவப்பு மையில் வேகம் இருந்தது, கேமின் பெயர்கூட இருந்தது. விலைக்கு அவர் பத்தியே போடவில்லை.